கிராண்ட் கேன்யன் ஆற்றுக்கு ஒரே நாளில் இறங்கி ஏறலாமா?

குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எனக்கு 54 வயது, என் கணவருக்கு 59. அக்டோபரில் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். மருமகன் கிராண்ட் கேன்யனுக்கு அழைத்துப் போகிறார். காலையில் கொலராடோ ஆறு வரை இறங்கி, இருட்டுவதற்குள் மேலே வந்துவிடலாம் என்கிறார். அது முடியாது என்றால் ஒரு இரவு உள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கலாமாம். நாங்கள் இருவரும் தினமும் காலையில் 5 கி.மீ. நடப்பவர்கள். கணவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சென்னை வெயிலையே தாங்குகிற எங்களுக்குப் பாலைவன வெயில் ஒன்றும் செய்துவிடாது என்று நினைக்கிறேன். எப்படித் தயாராக வேண்டும்?"

தாராளமாகப் போய் வாருங்கள். அக்டோபர் அதற்கு நல்ல மாதம். ஆனால் ஒரே நாளில் ஆற்றைத் தொட்டுத் திரும்பும் யோசனைக்கு மட்டும் இன்றே மறுப்புச் சொல்லிவிடுங்கள். அப்படி முயலக் கூடாது என்று அந்தத் தேசியப் பூங்காவின் நிர்வாகமே எச்சரிக்கிறது. ஆண்டுக்கு 250 பேருக்கு மேல் உள்ளிருந்து மீட்கப்படுவதாகவும் அவர்களே சொல்கிறார்கள். மீட்கப்படுகிறவர்களில் உடல் வலுவுள்ள இளைஞர்களும் உண்டு.

காரணம் அந்த இடத்தின் அமைப்பு. நமக்குப் பழக்கமான மலைகள் எல்லாம் முதலில் ஏறி, பிறகு இறங்குகிறவை. சோளிங்கரில் 1,305 படிகளில் பாதியிலேயே மூச்சு முட்டினால் உட்காரலாம், வேண்டாம் என்று திரும்பலாம். திரும்பும் வழி இறக்கம் என்பதால் களைத்த காலும் எப்படியோ அடிவாரம் வந்து சேர்ந்துவிடும். கிராண்ட் கேன்யன் கொலராடோ ஆறு அறுத்த பெரும் பள்ளத்தாக்கு, அங்கே கணக்கு தலைகீழ். தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம், ஏறக்குறைய ஊட்டி அளவு. ஆறு ஓடுவது சுமார் 750 மீட்டரில். பிரைட் ஏஞ்சல் பாதையில் ஆற்றோரக் கூடாரத் தளத்துக்கு ஒரு வழி மட்டும் 15 கி.மீ. காலையில் புத்துணர்ச்சியோடு, குளிர்ந்த காற்றில், சரிவு தானே இழுத்துக்கொண்டு போகிற வழியில் இறங்குகிறீர்கள். களைப்பே தெரியாது. களைப்பு தெரியும் நேரத்தில் தலைக்கு மேல் 1,300 மீட்டர் ஏற்றம் நிற்கும். ஏறும் அந்த நேரம் பெரும்பாலும் நடுப்பகல்.

ஆகவே எங்கே திரும்புவது என்பதை மேலே நிற்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். இறங்க ஒரு பங்கு நேரம், ஏற இரண்டு பங்கு நேரம் என்று கணக்கு வையுங்கள். ஆறு மணி நேரம் நடக்கப் போகிறீர்கள் என்றால், இரண்டு மணி நேரம் ஆனதும் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். "அந்த வளைவு வரைக்கும் மட்டும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்த ஒன்றில் மருமகனோடு சண்டை வந்தாலும் பரவாயில்லை என்பேன்.

முதல் நாளுக்கு இரண்டு இடங்களைச் சொல்கிறேன், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சவுத் கைபாப் பாதையில் சீடர் ரிட்ஜ் வரை போய் வர ஏறக்குறைய 5 கி.மீ., 340 மீட்டர் இறக்கம். காட்சி அபாரமாக இருக்கும், ஆனால் வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலும் அநேகமாக இல்லை. சொந்தக் காரில் அந்தப் பாதையின் வாசல் வரை போக முடியாது, பூங்காவின் இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும். இன்னொன்று பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைல் ஓய்விடம். தூரமும் இறக்கமும் ஏறக்குறைய அதே அளவு. உங்கள் இருவருக்கும் முதல் நாளில் இதைத்தான் சொல்வேன். அங்கங்கே நிழல் உண்டு, கழிப்பறை உண்டு, பருவத்தைப் பொறுத்துக் குடிநீரும் உண்டு. வடக்கு விளிம்பு இந்தப் பயணத்தில் வேண்டாம். அங்கிருந்த பழைய தங்கும் விடுதி 2025 ஜூலைக் காட்டுத்தீயில் எரிந்துபோனது.

இனி வெயில். சென்னைக்காரர்கள் பலருக்கும் இருக்கிற நம்பிக்கையைத்தான் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதி உண்மை. வெப்பத்துக்குப் பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கும், அதிகமாகவும் வியர்க்கும். உடம்பைக் குளிர வைக்கும் திறமை அதுதான். ஆனால் அதற்கான தண்ணீரை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். மகள் வீட்டு ஏசியில் இரண்டு மூன்று வாரம் இருந்தால் அந்தப் பழக்கமும் குறையத் தொடங்கிவிடும்.

மறுபாதிதான் ஆபத்து. சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. சட்டை முதுகில் ஒட்டுகிறது, கழுத்தில் வழிகிறது, கசகசப்பு தாங்காமல் நாமே தண்ணீரைத் தேடுகிறோம். பாலைவனக் காற்று வறண்டது. வியர்வை தோலுக்கு வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். சட்டை உலர்ந்தே இருக்கும், உடம்பு லேசாகக் குளிர்ந்தது போலக்கூடத் தோன்றும். 'எனக்கு வியர்க்கவே இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று நினைப்பீர்கள். முதுகுப்பையைக் கழற்றிப் பாருங்கள். தோள்வார் பதிந்த இடத்தில் சட்டையில் வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருக்கும், விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். உடம்பை விட்டுப் போன தண்ணீருக்கு அங்கே அதுதான் சாட்சி. அக்டோபரில் ஆற்றங்கரையில் பகல் வெப்பம் சராசரியாக 29 டிகிரி செல்சியஸ். சென்னைவாசிக்கு அது குளிர்காலம். அந்த எண்ணை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். வறட்சியும் நேர் வெயிலும், பகலெல்லாம் சூடேறிய பாறை திருப்பித் தரும் அனலும் அதில் சேரவில்லை.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயில் ஏறினால் ஒரு லிட்டர் வரை. மொத்தமாகக் குடிக்காமல் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று மிடறு குடியுங்கள். சீடர் ரிட்ஜுக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் கொண்டுபோங்கள், மிஞ்சினால் மிஞ்சட்டும்.

தண்ணீரோடு உப்பும் போக வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை. பயத்தில் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், வாந்தி, பிறகு குழப்பமான பேச்சு என்று போகும். பார்ப்பதற்கு நீர்ச்சத்துக் குறைவு போலவே இருப்பதால் கூட இருப்பவர்கள் இன்னும் தண்ணீரைக் கொடுத்து நிலைமையை மோசமாக்குவார்கள். நிறமே இல்லாத சிறுநீர் அடிக்கடி போகிறது, கூடவே குமட்டலும் இருக்கிறது என்றால், தண்ணீரை நிறுத்தி, நிழலில் உட்காரவைத்து, உப்புள்ள தின்பண்டம் கொடுங்கள். பேச்சு குழறினால் அது அவசரம், உடனே உதவி கூப்பிட வேண்டும்.

நம் சமையலறை இதற்குத் தோதானது. காராசேவு, முறுக்கு, உப்புக் கடலை எல்லாம் மேல்பையில் இருக்கட்டும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கை. மதியத்துக்குப் புளியோதரை, உப்பும் எண்ணெயும் கொஞ்சம் தூக்கலாக. தயிர்சாதம் வேண்டாம், வெயிலில் புளித்துவிடும். ஓஆர்எஸ் பொட்டலங்களை இங்கேயே மருந்துக்கடையில் வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அந்தக் கலவை இல்லாத சர்க்கரைப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், பாதி பாட்டில் என்று கண்ணளவில் கரைக்காதீர்கள்.

உங்கள் கணவரின் மாத்திரையை எங்கள் வயதுக்காரர்கள் பெரும்பாலோர் விழுங்குகிறார்கள், அதனாலேயே அலட்சியமாகிவிடுகிறது. ரத்த அழுத்த மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகப்படுத்தி உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறவை. வேறு சில, எழுந்து நிற்கும்போது தலைசுற்றலைத் தரலாம். சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், "வறண்ட வெயிலில் ஐந்தாறு மணி நேரம் நடக்கப் போகிறேன், அன்று இந்த மாத்திரையை எப்படி எடுத்துக்கொள்வது? உப்பு எவ்வளவு சேர்க்கலாம்?" என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன உப்பு யோசனையும் அவருக்கு மருத்துவர் சரி என்ற பிறகுதான். தானாக மாத்திரையை நிறுத்துவது கூடவே கூடாது.

அடுத்தது பயிற்சி. சமதளத்தில் 5 கி.மீ. நடப்பது நுரையீரலுக்கு நல்லது. ஆனால் இறங்கும்போது உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை, சமதளத்தில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை. இறக்கத்தில் பழகாதவர்களுக்கு மறுநாள் காலையில் நாற்காலியிலிருந்து எழவே தொடை நடுங்கும். ஆகவே வாரம் மூன்று நாள் மாடிப்படி. லிஃப்டில் இறங்காதீர்கள், இறங்குவதுதான் முக்கியமான பாதி. முதலில் வெறும் கையோடு, பிறகு முதுகுப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், போகப்போக ஐந்து கிலோ. பரங்கிமலைப் படிகள் உங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திருக்கழுக்குன்றம், பிறகு சோளிங்கர். அங்கே இப்போது ரோப்கார் வந்துவிட்டது, நீங்கள் அதன் பக்கம் போக வேண்டாம். மண்ணும் கல்லும் கலந்த காட்டுப் பாதையில் ஒருமுறையாவது நடந்து பாருங்கள். 2018 மார்ச் குரங்கணித் தீவிபத்துக்குப் பிறகு தமிழகக் காடுகளில் அனுமதியில்லாமல் நடக்க முடியாது. 2024-இல் தொடங்கிய வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் ஆன்லைனில் பதிவு செய்யலாம். திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதை சென்னையிலிருந்து ஒரே நாளில் போய் வரக்கூடியது.

ஷூவை இங்கேயே வாங்கி, இந்தப் பயிற்சியிலேயே பழக்குங்கள். கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், போடப் போகும் தடித்த காலுறையோடு கடைக்குப் போங்கள். கடையின் படிக்கட்டில் நான்கு படி இறங்கிப் பாருங்கள். பெருவிரல் நுனி முன்பக்கம் இடித்தால் அது உங்கள் அளவு இல்லை. கேன்யனில் ஒரு மணி நேரம் இடித்தால் நகம் கறுத்துவிடும். கால் நகங்களை முந்தைய நாள் வெட்டிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல் இருந்தால் முழங்காலுக்குப் பெரிய நிம்மதி.

இரவு தங்குவது பற்றி மருமகன் சொல்வது நல்ல யோசனை. ஆனால் ஆற்றங்கரை வரை போகாமல், பாதி வழியில் இருக்கும் ஹவசுபாய் கார்டன்ஸில் தங்குங்கள். விளிம்பிலிருந்து சுமார் 7 கி.மீ., ஏறக்குறைய 900 மீட்டர் இறக்கம். ஓடையும் காட்டன்வுட் மரங்களுமாகப் பச்சைப் பசேல் என்று இருக்கும். இந்தியன் கார்டன் என்று இருந்த பெயரை, அங்கே வாழ்ந்து வெளியேற்றப்பட்ட ஹவசுபாய் மக்களின் வேண்டுகோளின்படி 2022-இல் மாற்றினார்கள். கூடாரத்தைப் போட்டுவிட்டு, மாலையில் கனமில்லாமல் பிளேட்டோ பாயின்ட் வரை நடந்து வாருங்கள். ஒரு வழி இரண்டரை கி.மீ., பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. அங்கிருந்து கொலராடோ ஆறு நேர் கீழே தெரியும். ஆற்றைத் தொட வேண்டும் என்ற ஆசையை அந்தக் காட்சி பெரும்பாலும் தீர்த்துவிடும்.

முதுகுப்பை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கூடாரம், அடுப்பு எல்லாம் மருமகன் முதுகில் இருக்கட்டும். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கேதான் வாங்க வேண்டும். விளிம்புக்குக் கீழே விறகு மூட்டவும் அனுமதி இல்லை. உணவைத் தளத்தில் வைத்திருக்கும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டுங்கள். அங்கத்திய அணில் நம் வீட்டு மாமரத்து அணில் போலச் சாது இல்லை. பையைக் கிழிக்கும், கையையும் கடிக்கும். பேரப்பிள்ளைகள் கூட வந்தால் அணிலுக்குத் தீனி போட விடாதீர்கள்.

குடிநீர்க் குழாய் 1960களில் போட்டது, அடிக்கடி உடைகிறது. கிளம்புவதற்கு முந்தைய நாள் பூங்காவின் இணையதளத்தில் எந்த இடத்தில் தண்ணீர் வருகிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பாருங்கள். வந்தாலும் வராவிட்டாலும், ஓடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரையோ வடிகட்டியோ பையில் இருக்கட்டும்.

உடைக்கு ஒரு குறிப்பு. பருத்தியே கூடாது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். பகல் வெயிலில் பருத்திச் சட்டையை நனைத்துப் போட்டுக்கொள்வதைப் போலக் குளிர்ச்சி தருவது எதுவும் இல்லை. ஆனால் அக்டோபரில் விளிம்பில் இரவு 2 டிகிரி வரை இறங்கும். ஈரப் பருத்தியோடு சாயங்காலத்தில் மாட்டிக்கொண்டால் நடுக்கம் எடுக்கும். ஆகவே நான்கு மணிக்கு மேல் மாற்றிக்கொள்ள உலர்ந்த கம்பளி உடுப்பும் காற்றைத் தடுக்கும் மேலுடுப்பும் வேண்டும். அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, உதட்டுக்கு வாசலின். சூரியன் ஆறு மணிக்கெல்லாம் மறைந்துவிடும், தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று.

எதிரே கோவேறு கழுதைகள் வந்தால், பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலைச்சுவரின் பக்கம் ஒட்டி நில்லுங்கள். ஓட்டி வருபவர் சொல்வதைக் கேட்டு, கடைசிக் கழுதை போகும் வரை அசையாதீர்கள்.

பகல் நடைக்கு அனுமதிச்சீட்டு தேவையில்லை. இரவு தங்கத் தேவை. அதற்குச் சுமார் நான்கு மாதம் முன்பே ஆன்லைனில் விண்ணப்பித்து, குலுக்கலில் பெயர் வர வேண்டும். இன்றே மருமகனிடம் சொல்லுங்கள். சீட்டு கிடைக்காவிட்டால் விளிம்பிலேயே அறை எடுத்து, ஒரு நாள் ஒன்றரை மைல் ஓய்விடம், ஒரு நாள் இடைவெளி, மூன்றாம் நாள் சீடர் ரிட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளி நாளில் விளிம்பை ஒட்டிய சமதளப் பாதையில் மெதுவாக நடந்தால், முந்தைய நாளின் தொடைவலியும் விட்டுப்போகும்.