வாரத்துக்கு ஒன்று, தினம் ஒன்றானது

கேள்வி: என் அம்மாவுக்கு முடக்குவாதத்துக்காக டாக்டர் மெத்தோட்ரெக்சேட் எழுதித் தந்தார். மெடிக்கல் ஷாப்பில் கவர் மேல் 1-0-0 என்று எழுதிக் கொடுத்ததால் தினமும் காலையில் ஒன்று போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளிலேயே வாயெல்லாம் புண், ரத்த அணுக்கள் குறைந்து ஐசியூவில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. அது வாரத்துக்கு ஒருமுறை போடும் மாத்திரையாம்! கடைக்காரர், செலவில் பாதி தருகிறேன், ஒரு கையெழுத்து போட்டால் போதும் என்கிறார். போலீசுக்குப் போவதா, கோர்ட்டுக்கா?
- வாசகி, தென்காசி

பதில்: முதலில் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அதில் ஒரு வரி நிச்சயம் இருக்கும்.

அப்புறம், அந்தக் கவரைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. டாக்டர் சீட்டில் 'வாரம் ஒருமுறை' என்றிருந்து கவரில் 1-0-0 என்றால் தவறு கடையுடையது, சீட்டிலேயே தெளிவாக எழுதாமல் விட்டிருந்தால் டாக்டரும் பதில் சொல்லியாக வேண்டும், சந்தேகமாக இருந்தால் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடலாம். பில், மீதி மாத்திரை அட்டை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஐசியூவில் இருந்த ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டை எழுத்து மூலம் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. பாதிப்புக்குக் காரணம் இந்த மருந்துதான் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

போலீஸ் புகார் கொடுக்கக் கூடாதென்று இல்லை, ஆனால் டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு நிற்க மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும் என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. உங்களுக்குத் தேவை நஷ்டஈடு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் சரி. பாதிப்பு ஏற்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். மருந்துக்கும் டாக்டருக்கும் நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்தைத் தாண்டாதவரை மனுக் கட்டணமே கிடையாது. (டாக்டர் முழுக்க இலவசமான அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தவர் என்றால் அவர் மேல் இந்த வழி இல்லை.) மனு அம்மா பெயரில் இருக்கட்டும். பெண் என்பதால் வருமானம் பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், 15100-க்குப் பேசுங்கள்.

இன்னொன்று, கவரில் எழுதியது பதிவு பெற்ற மருந்தாளுநரா, கல்லாவில் நின்ற பையனா? பெரும்பாலும் பையனாகத்தான் இருக்கும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வாளருக்கும் ஒரு புகார் எழுதிப் போடுங்கள், லைசென்ஸ் விஷயம் என்றால் அந்தப் பாதிப் பணப் பேச்சு தானாகவே மாறும்.