முள்ளுக்கு எச்சரிக்கை வேண்டாம். 'முள் நீக்கியது' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

கேள்வி: மண்டபத்துக்கு அருகே நானும் எங்கள் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த நான்கு பெண்களும் நெய்மீன், நெத்திலி, சாளைக் கருவாடுகளைப் பாக்கெட்டில் அடைத்து விற்கிறோம். சென்ற மாதம் மதுரை வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, எங்கள் நெய்மீன் கருவாட்டின் முள் தம் தந்தையின் தொண்டையில் சிக்கியதாகவும் வழக்குப் போடப்போவதாகவும் சொன்னார். அமெரிக்காவில் காபி கொட்டியதற்கே கோடிக்கணக்கில் கொடுக்க வைத்தார்கள் என்று மருமகன் பயமுறுத்துகிறார். ஆகவே 'முள் குத்தலாம்', 'உப்பு அதிகம்', 'வாடை வரும்', 'எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல' என்று 19 எச்சரிக்கைகளை லேபிளில் அச்சடிக்க இருக்கிறோம். இது எங்களைக் காப்பாற்றுமா?

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய மாதிரி லேபிளின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. முன்பக்கத்தைப் படிக்க அந்தச் சிரமம் இல்லை. அங்கே கொட்டை எழுத்தில் 'முள் நீக்கிய நெய்மீன் கருவாடு' என்று இருக்கிறது. உங்களுக்கு ஆபத்து வருமானால் அந்த வரியிலிருந்துதான் வரும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 82 முதல் 87 வரையிலான பிரிவுகள், பொருளால் விளையும் தீங்குக்கு அதைத் தயாரித்தவரும் விற்றவரும் எப்போது பொறுப்பாவார்கள் என்பதைச் சொல்கின்றன. இவை 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளன. போதிய எச்சரிக்கை இல்லாததும் 84-ஆம் பிரிவில் ஒரு காரணம் என்பது உண்மையே. ஆனால் வெளிப்படையாகத் தெரிகிற, அல்லது அந்தப் பொருளைப் பயன்படுத்துவோர் பொதுவாக அறிந்திருக்கிற ஆபத்தைப் பற்றி எச்சரிக்கவில்லை என்பதற்காகத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று 87(3) தெளிவாகக் கூறுகிறது. மீனில் முள் இருக்கும் என்பதும் கருவாடு உப்புக் கரிக்கும் என்பதும் நம் கரையில் சோறு தின்னப் பழகும் குழந்தைக்கே தெரியும்.

மருமகன் சொன்ன காபி வழக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1992-இல் ஆல்புகர்க்கி நகரில் மெக்டொனால்ட்ஸ் காபி மடியில் கொட்டி, 79 வயதான ஸ்டெல்லா லீபெக்குக்குத் தோல் ஒட்டுச் சிகிச்சை செய்யும் அளவுக்குக் காயம் ஏற்பட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அதே போன்ற சூட்டுக்காயப் புகார்கள் 700-க்கு மேல் வந்தும் அந்த நிறுவனம் சூட்டைக் குறைக்கவில்லை. 1994-இல் ஜூரிகள் விதித்த ஏறத்தாழ 29 லட்சம் டாலரை நீதிபதி 6.4 லட்சமாகக் குறைத்தார். அந்தக் கோப்பையில் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. அது போதாது என்றே ஜூரிகள் கருதினார்கள். அதே நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1964-இல், பாஸ்டன் உணவகம் ஒன்றின் மீன் சூப்பிலிருந்த முள் தொண்டையில் சிக்கிய பெண்ணின் வழக்கில், மீன் சூப்பில் முள் இருக்கும் என்று எதிர்பார்த்தே உண்ண வேண்டும் எனக் கூறி இழப்பீட்டை மறுத்தது. உங்கள் மருமகனுக்கு இந்த இரண்டாவது வழக்கைச் சொல்லுங்கள்.

இனி 'முள் நீக்கிய' என்ற சொல்லுக்கு வருகிறேன். சட்டத்தின் பார்வையில் அது வெளிப்படையான உத்தரவாதம். பொருள் அந்த உத்தரவாதத்துக்கு மாறாக இருந்தால், அதைக் கொடுத்ததில் கவனக்குறைவோ ஏமாற்றோ இல்லை என்று நீங்கள் நிரூபித்தாலும் 84(2) உங்களைப் பொறுப்பாளியாகவே வைக்கும். முள் இருப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்ற வாதமும் எடுபடாது. முள் இல்லை என்று சொன்னவரே நீங்கள்தான். முன்னால் 'முள் நீக்கியது' என்றும் பின்னால் 'முள் குத்தலாம்' என்றும் போட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை மிச்சம். நடுமுள்ளை மட்டும் எடுப்பதாக இருந்தால் 'நடுமுள் எடுத்த துண்டுகள்; சிறு முட்கள் இருக்கும்' என்று எழுதுங்கள். 'எதற்கும் பொறுப்பல்ல' என்பதை அடித்துவிடுங்கள். சட்டம் சுமத்திய பொறுப்பு அப்படி எழுதுவதால் இறங்கிவிடாது.

எச்சரிக்கை உண்மையில் தேவைப்படுவது கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்கு. ஒவ்வாமைப் பொருள்களாகத் தனியே குறிப்பிட வேண்டியவற்றின் பட்டியலில் மீனும், இறால், நண்டு வகைகளும் இருக்கின்றன. அதே களத்தில் சென்னாக்கூனி என்னும் பொடி இறாலையும் காய வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே 'மீன் உள்ளது. இறால் வகை கலந்திருக்கலாம்' என்ற வரி அவசியம். அது உங்கள் 19-இல் இல்லை. உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. லேபிள் விதிகளை மீறிய உணவுக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. சாளை விஷயத்தில் எந்த லேபிளும் உதவாது: ஐஸ் இல்லாமல் வெக்கையில் கிடந்த சாளையில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள், காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. அதைக் கரையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதுரைக்காரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. நுகர்வோர் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் 30 நாளில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-இல் உறுதிசெய்திருக்கிறது. அதுவரை தொலைபேசியில் வாதாடாமல், பாக்கெட்டின் படம், வாங்கிய ரசீது, மருத்துவச் சீட்டு ஆகியவற்றை எழுத்து மூலம் கேளுங்கள். அவர் வாங்கியது 'முள் நீக்கிய' பாக்கெட் என்று தெரிந்து, மருத்துவச் சீட்டும் பொருந்தினால், வழக்கு வரும்வரை காத்திராமல் சிகிச்சைச் செலவைக் கொடுத்து எழுத்தில் தீர்த்துக்கொள்வதே என் யோசனை.