தண்ணீர் மேல் தத்தி ஓடும் தவளை: வாசகர் கேள்விகள்

கேள்வி: குளக்கரையில் கால் வைத்தாலே தவளைகள் தண்ணீர் மேலேயே ஓடுகின்றன. எப்படி?

பதில்: நீங்கள் பார்த்தது தத்தும் தவளை. தென்னாசியா முழுக்கக் குளம், குட்டை, வாய்க்கால், மெதுவாக ஓடும் ஓடை என்று எங்கும் இருக்கும். 1799-இல் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஷ்னைடர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது அவருக்கு ஆதாரமாக இருந்தது நம் தரங்கம்பாடித் தவளைதான். சும்மா இருக்கும்போது காலைப் பரப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே நீட்டி மிதக்கும். கண்கள் தலையின் மேல்பக்கம் இருப்பதால் அது போதும். ஆள் நிழல் பட்டால் அப்படியே பாயும். உந்தி எழும்ப அதற்குத் தரை வேண்டியதில்லை. பின்கால் விரல்களுக்கு இடையே நுனிவரை சவ்வு இருக்கிறது. அந்தப் பாதத்தால் தண்ணீரை உதைத்து எழும்பி, விழுந்து, மறுபடி உதைத்து எழும்புகிறது. கொஞ்ச தூரம் போனதும் முங்கிவிடும். அசையாமல் நின்று பாருங்கள், சற்று நேரத்தில் இரண்டு கண்கள் மேலே வரும்.

கேள்வி: பகலிலும் கத்துகிறதே, மழை வருமா?

பதில்: இதை வைத்து மழையைச் சொல்ல முடியாது. தண்ணீர் வற்றாத இடத்தில் ஆண் தவளை பகல், இரவு பார்க்காமல் பெண்ணை அழைக்கும்.

கேள்வி: கொசுவை ஒழிக்க எங்கள் குட்டையில் கம்பூசியா மீன் விடலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். கம்பூசியா அமெரிக்காவிலிருந்து வந்த மீன். கொசுப்புழுவோடு நிற்காது, தலைப்பிரட்டைகளையும் கடித்துக் குதறும். வால் போன தலைப்பிரட்டை தப்புவது கடினம். தவளை இருக்கும் குட்டையில் தட்டான் புழுவும் நீர்வண்டும் பெரும்பாலும் இருக்கும், அவையே கொசுப்புழுவைத் தின்னும். வீட்டைச் சுற்றியுள்ள டயர், தொட்டி, உடைந்த பானையில் தேங்கும் தண்ணீரை முதலில் கொட்டுங்கள். அப்புறம் இன்னொன்று: குட்டையைச் சுத்தம் செய்கிறேன் என்று கரையோரப் புல்லையும் பாசியையும் மொத்தமாக வழித்துவிடாதீர்கள். தலைப்பிரட்டைகள் ஒளிவதும் மேய்வதும் அங்கேதான்.

கேள்வி: பையன் கையில் பிடித்துவிட்டான். விஷமா?

பதில்: இல்லை, கையைக் கழுவினால் போதும். தவளைக்குத்தான் ஆபத்து அதிகம். கொசுவிரட்டிக் களிம்பு தடவிய கையால் தொட்டால் மருந்து அதன் தோல் வழியே உள்ளே போய்விடும். அவசியம் தூக்க வேண்டுமென்றால் வெறுங்கையைக் குளத்துத் தண்ணீரில் நனைத்துவிட்டுத் தூக்கச் சொல்லுங்கள்.