மான் கணக்கு இருக்கட்டும், முதலில் ஆட்டைத் தராசில் ஏற்றுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். பவானிசாகர் பக்கம் ஆறு ஏக்கர் பூமி. நிலக்கடலையை ராத்திரியில் புள்ளிமான் கூட்டம் மேய்ந்துவிடுகிறது. நியூசிலாந்தில் மான் பண்ணை வைத்துக் கறிக்கு விற்பதாக வீடியோ பார்த்தேன். உயிர் எடையில் 60 சதவீதம் கறி தேறுமாம். என் வெள்ளாட்டில் 40தான் தேறும் என்று வியாபாரி விலையைக் குறைக்கிறார். இங்கே மான் வளர்க்க லைசென்ஸ் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானைப் பிடிப்பது, அடைப்பது, அறுப்பது, கறியை வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். உங்கள் கடலைக்குள் நின்று மேய்ந்தாலும் சட்டம் அதேதான். சேதத்தைப் படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.

நியூசிலாந்து கதை வேறு. அங்கே மான் மண்ணின் விலங்கே இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காகக் கொண்டுபோய் விட்ட செம்மான், பெருகி மலைக்காட்டை அழித்தது. 1960-களில் ஹெலிகாப்டரில் பறந்து சுட்டார்கள். 1969-இல்தான் பண்ணை வளர்ப்பைச் சட்டப்படி அனுமதித்தார்கள்.

அந்த 60 சதவீதத்துக்கு வருகிறேன். யார் சதவீதம் சொன்னாலும் எதை எதால் வகுத்தார் என்று கேளுங்கள். ஐரோப்பாவில் காட்டில் சுட்ட மானைக் குடல் எடுத்து, தலையும் காலும் நீக்கி, தோலோடு தொங்கவிட்டு நிறுக்கும் வழக்கம் உண்டு. உரித்தால் சதவீதம் இறங்கிவிடும். குண்டு தோளில் பாய்ந்திருந்தால் ரத்தம் கட்டிய சதை வெட்டி எறியத்தான் ஆகும். இணைசேரும் பருவத்தில் ஆண் செம்மான் தீனி மறந்து அலைந்து, உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கும். அதெல்லாம் கழித்தும் மான் வெள்ளாட்டை முந்தும் என்பது நிஜம். கொழுப்பு குறைவு, தொடையிலும் முதுகிலும் சதை திரட்சி.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, உங்கள் ஆடு 40தானா என்பது.

மேய்ந்து, தண்ணீர் குடித்து வந்த கிடா 25 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி முழுக்கத் தீனி காட்டாமல், தண்ணீர் மட்டும் வைத்து, காலையில் நிறுத்தால் 23. உரித்தால் 11.3 கிலோ. 25-ஆல் வகுத்தால் 45 சதவீதம், 23-ஆல் வகுத்தால் 49. அதே கிடா, அதே கறி. நடுவில் நின்றது வயிற்றிலிருந்த தழையும் தண்ணீரும். வியாபாரி முதுகைப் பிடித்துப் பார்த்து, வாலடியை அமுக்கி, "பத்துக் கிலோ தேறும்" என்கிறார். 1.3 கிலோ போச்சு. கறி கிலோ 800 ரூபாய் என்றால் ஒரு கிடாவில் 1,040 ரூபாய் அவர் பையில். கண்மதிப்பில் வாங்குகிறவர் தன் நஷ்டத்துக்கு ஒருநாளும் மதிப்பிட மாட்டார். இருபது வருஷமாக நான் தொண்டை கிழியச் சொல்வது இதுதான்: ஒரு தொங்கு தராசு வாங்குங்கள். கொட்டகைக்குச் சிமெண்ட் தரை அப்புறம் போடலாம்.

சந்தைக்கு முதல் நாள் உப்பு நக்கவிட்டுத் தண்ணீர் காட்டி வயிறு ஊத வைக்கும் வித்தை வேண்டாம். புளியம்பட்டி சந்தையில் அது தெரியாத வியாபாரி இல்லை. நீங்கள் அந்த வித்தை செய்யாதபோதும் செய்ததாகவே கழித்துக்கொள்வார். கடைக்காரர் நீட்டும் "எடை கூட்டும் டானிக்" அதைவிட மோசம். அந்தக் காசுக்குச் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் காட்டிப் புழு பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டை வண்டியில் ஏற்றும்போது காலைப் பிடித்து இழுக்காதீர்கள், தடியால் அடிக்காதீர்கள். துரத்திச் சுட்ட மானின் கறி கறுத்து, காய்ந்து போவதும், டெம்போவில் நெருக்கி வந்த ஆட்டின் கறி கறுப்பதும் ஒரே காரணத்தால்தான். தசையில் சேமித்திருந்த சர்க்கரை முன்பே தீர்ந்துவிடுகிறது.

எடை போட்டால் வாங்க மாட்டேன் என்பார் உங்கள் வியாபாரி. விட்டுவிடுங்கள். பக்கத்து ஊர்க் கறிக்கடைக்காரரிடம் உரித்த எடைக்குக் கிலோ விலை பேசுங்கள். அறுக்கும்போது கூட நில்லுங்கள். தலை, கால், குடல், ஈரல், தோல் யாருக்கு என்பதைக் கிடாவை அவிழ்க்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். சண்டை வருவதெல்லாம் அங்கேதான்.