சிகிச்சைக் கோப்பின் நகலைக் கேட்டால் கோபம் ஏன்?

கேள்வி: என் தாயார் இங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தார். உடல் தேறாததால் கோவையில் இன்னொரு மருத்துவரிடம் காட்ட விரும்பி, கேஸ் ஷீட்டின் (சிகிச்சைப் பதிவேட்டின்) நகலைக் கேட்டோம். "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கடிந்துகொண்டு, ஒரு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் தந்தார்கள். அவர்கள் சொன்ன இடத்தில்தான் ஸ்கேன் எடுக்கவும் வேண்டியிருந்தது. நாளை அவசரம் என்றால் அவர்களிடமே போக வேண்டிய நாங்கள், இதையெல்லாம் கேட்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாகக் கேட்கலாம். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் வகுத்த தொழில் ஒழுக்க விதிமுறைகளின்படி, உள்நோயாளிகளின் சிகிச்சைப் பதிவேடுகளை மருத்துவர் 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை தந்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்க வேண்டும். 2023 ஆகஸ்டில், அந்தக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிமுறைகளை அறிவித்து, அதே மாதத்திலேயே நிறுத்திவைத்ததால், பழைய விதிகளே தொடர்கின்றன. ஆகவே வாய்மொழியாகக் கேட்டு வாக்குவாதத்தில் இறங்காமல், தாயாரின் கையொப்பத்துடன் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள்.

சமவெளியில் இருப்பவர் மனம் ஒப்பாவிட்டால் அடுத்த தெருவில் வேறு மருத்துவரைப் பார்க்கலாம். மலையில் அப்படியில்லை என்பதால்தான் உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே போகும் நோயாளிக்குத்தான் முழுக் கோப்பு மிகவும் தேவை. எந்த மருந்து எவ்வளவு, எப்போது கொடுக்கப்பட்டது என்பது தெரியாமல் அங்கிருக்கும் மருத்துவர் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தால், செலவைவிட மோசமான இழப்பு காலம்தான். இன்னொருவரின் கருத்தைக் கேட்பதைத் தன்மீதான பழியாக எடுத்துக்கொள்ளும் மருத்துவர், நம்பிக்கையையும் கீழ்ப்படிதலையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார் என்றே சொல்வேன்.

ஸ்கேன் விஷயத்தில் அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம். நல்ல கருவி இருக்கும் இடத்தைப் பரிந்துரைப்பது தவறன்று. அனுப்பியதற்காகக் கமிஷன் பெறுவதைத்தான் அதே விதிகள் தடைசெய்கின்றன. காரணத்தைக் கேட்டுப் பாருங்கள்.

கடிதத்துக்குப் பிறகும் நகல் வராவிட்டால், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத்துமூலம் புகார் அனுப்பலாம். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் மருத்துவரின் பதிவு எண் இருந்தாக வேண்டும், அதைக் குறிப்பிடுங்கள். ஆறு மாதங்களுக்குள் முடிவு என்பது விதி. நடைமுறையில் பொறுமையும் தேவைப்படலாம். மருத்துவமனை நிர்வாகத்தின் மீதான குறை என்றால், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நலப் பணிகள் இணை இயக்குநரை அணுகலாம்.

கேள்வி: அரசு மருத்துவமனை மீது நுகர்வோர் வழக்குத் தொடரலாமா?
— ஒரு வாசகர், கூடலூர்

பதில்: எல்லோருக்கும் எல்லாச் சேவையும் இலவசமாக வழங்கப்படும் இடத்தின் மீது இயலாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலரிடம் மட்டும் கட்டணம் வாங்கும் மருத்துவமனையாக இருந்தால், அங்கு இலவசச் சிகிச்சை பெற்றவரும் வழக்குத் தொடரலாம். எப்படியிருந்தாலும் மருத்துவக் கவுன்சிலின் ஒழுக்க விதிகள் அரசு மருத்துவரையும் கட்டுப்படுத்தும்.