எத்தனை கிலோ வரும்? இரும்பு நிறைக் கணக்கு, கேள்வி பதில்

போன கிழமை பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்கு இரும்பு) நிறை பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதினேன், அதிலிருந்து மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு பக்கமிருந்தும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்குத்தான். உருக்கு ஒரு கனமீற்றர் 7850 கிலோ. குறுக்குவெட்டுப் பரப்பைச் சதுர மில்லிமீற்றரில் எடுத்து 0.00785 ஆல் பெருக்கினால் ஒரு மீற்றருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும்.

வாழைச்சேனையிலிருந்து: அண்ணா, கம்பி நிறைக்கு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162 ஆல் பிரிக்கச் சொல்கிறார் மேசன் பாஸ். அந்த 162 எங்கிருந்து வந்தது?

பாஸ் சொன்னது சரி தம்பி. வட்டத்தின் பரப்பை 0.00785 ஆல் பெருக்கினால் விட்டத்தின் வர்க்கத்துக்கு முன்னால் 0.006165 என்று ஒரு எண் நிற்கும். அதை அப்படியே தலைகீழாக்கினால் 162. 12 மில்லிக் கம்பிக்கு 144 ஐ 162 ஆல் பிரிக்க, மீற்றருக்கு 0.889 கிலோ. 10 மில்லிக்கு 0.617, 16 மில்லிக்கு 1.58.

ஆனால் முறுக்குக் கம்பியை வேனியர் (விட்டம், தடிப்பு அளக்கும் கருவி) வைத்து அளந்து விட்டம் பார்க்காதீர்கள். வரி மேல் வைத்தால் கூடக் காட்டும், வரிக்கு இடையில் வைத்தால் குறையக் காட்டும், இரண்டும் உண்மையில்லை. சரியாக ஒரு மீற்றர் வெட்டி மளிகைக்கடைத் தராசிலே போடுங்கள். பி.எஸ். 4449 என்ற பிரித்தானியக் கம்பித் தரத்தில் 8 மில்லிக்கு மேற்பட்ட கம்பிக்கு நூற்றுக்கு 4.5 வரைதான் கூடக் குறைய இருக்கலாம், அதனால் 12 மில்லித் துண்டு 850 கிராமுக்குக் கீழே நின்றால் அந்தக் கம்பிக் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்புங்கள்.

சம்மாந்துறையிலிருந்து: சேர், 50க்கு 50 பொக்ஸ் பார் (சதுரக் குழாய்), தடிப்பு 2 மில்லி என்று எடுத்தேன். கணக்குப்படி 6 மீற்றர் பார் 18 கிலோ வருகிறது, தராசில் 14.7தான். தராசு பிழையா, கணக்கு பிழையா?

இரண்டும் சரி. பிழை தடிப்பில். 50 இலிருந்து 2 ஐக் கழித்து 48, அதைத் தடிப்பு 2 ஆலும் பக்கங்கள் 4 ஆலும் பெருக்க 384 சதுர மில்லி, மீற்றருக்கு 3.01 கிலோ. மூலைகள் வளைந்திருப்பதால் உண்மையில் கொஞ்சம் குறையும், பாருக்கு அரைக்கிலோ அப்படி. மூன்று கிலோவுக்கு மேல் குறைய மூலை காரணமாகாது. உங்கள் 14.7 ஐப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள், தடிப்பு 1.6 பக்கம் வந்து நிற்கும். அதாவது 1.6 மில்லிப் பாரை 2 மில்லி என்று தந்திருக்கிறார்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எனக்கு வருகிற நிறைச் சண்டைகளில் பெரும்பாலானவை இதேதான். அகலமும் உயரமும் யாரும் குறைப்பதில்லை, டேப் பிடித்தால் உடனே தெரிந்துவிடும். தடிப்பைத்தான் குறைப்பார்கள். எடுக்கும்போது வெட்டின முனையில் பிசிறை அரத்தால் ஒரு இழு இழுத்து, பெயின்ற் இல்லாத இடத்தில், உள்ளே ஒட்டுத் தையல் ஓடுகிற பக்கத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தில் வேனியரை வையுங்கள். பில்லிலும் தடிப்பை எழுதச் சொல்லுங்கள், வெறும் "2 இஞ்சி பொக்ஸ்" என்று எழுதின பில்லை வைத்து யாரிடமும் வாதாட முடியாது. இன்னொன்று, கடையில் 20 அடி என்பார்கள். 6 மீற்றர் பார் 19 அடி 8 அங்குலம்தான், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒலுவிலில் படிக்கும் ஒரு மாணவி: சேர், 150×75×5×7 (உயரம், அகலம், நடுத்தட்டுத் தடிப்பு, மேல் கீழ்த் தட்டுத் தடிப்பு) "I" வடிவ பீமுக்கு எனக்கு மீற்றருக்கு 13.58 கிலோ வருகிறது, நிறை அட்டவணையில் 14.0. அதோடு 203×133×25 என்ற பீமில் 25 மில்லித் தடிப்பு எதற்கு?

கணக்குப் பிழையில்லை தங்கச்சி. மேலும் கீழும் உள்ள இரண்டு தட்டும் 1050, நடுத்தட்டு 150 இலிருந்து இரண்டு 7 ஐக் கழித்து 136, அதை 5 ஆல் பெருக்க 680, மொத்தம் 1730 சதுர மில்லி. ஆனால் நடுத்தட்டு மேல்தட்டோடு சேரும் நாலு உள்மூலையிலும் வளைவாக இரும்பு நிரம்பியிருக்கும், அந்த 55 சதுர மில்லிதான் விடுபட்டது. அட்டவணை இருந்தால் அட்டவணையையே எடுங்கள்.

203×133×25 என்பது பிரித்தானிய முறைப் பெயர். அதில் 25 என்பது தடிப்பே இல்லை, மீற்றருக்கு 25 கிலோ என்று நிறையைத்தான் பெயரில் வைத்திருக்கிறார்கள். பாதி வேலை மிச்சம்!

காத்தான்குடியிலிருந்து: காக்கா, எங்கிளுக்கும் ("L" வடிவ இரும்பு) ஜீஐ பைப்புக்கும் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) சுருக்கமாக ஒரு வழி சொல்லுங்கள்.

எங்கிள்: இரண்டு காலையும் கூட்டி ஒரு தடிப்பைக் கழித்து, தடிப்பால் பெருக்கி, 0.00785 ஆல் பெருக்குங்கள். 50×50×6க்கு 4.43 வரும், அட்டவணையில் 4.47. பைப்: வெளிவிட்டத்தில் தடிப்பைக் கழித்து, தடிப்பால் பெருக்கி, 0.02466 ஆல் பெருக்குங்கள். ஒன்றரை இஞ்சிப் பைப்பின் வெளிவிட்டம் 38 இல்லை, 48.3 மில்லி. 3.2 தடிப்பென்றால் மீற்றருக்கு 3.56 கிலோ.

கல்லடியிலிருந்து: மச்சான், கடற்கரையோரம் கூரை போடுகிறோம். பர்லினைக் கொஞ்சம் பாரமாக எடுத்தால் காற்றுக்குத் தூக்காதுதானே?

தூக்கும் மச்சான். 100×50×20×2 (கடைசி எண் தடிப்பு) "C" வடிவப் பர்லின் மீற்றருக்கு 3.56 கிலோ, ஷீட்டையும் ட்ரஸ்ஸையும் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகம்) சேர்த்தாலும் கூரை ஒரு சதுர மீற்றருக்குப் பத்துப் பதினைந்து கிலோதான். விநாடிக்கு 40 மீற்றர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 100 கிலோவுக்குச் சமம். 1978 நவம்பர் சூறாவளியில் நம்முடைய ஊர்க் கூரைகள் என்ன பாடு பட்டன என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேள். பர்லின் தடிப்பை 2.3 மில்லி ஆக்குகிற காசை நட்டுக்கும் கிளீற்றுக்கும் (பர்லினை ட்ரஸ்ஸோடு பிடிக்கும் துண்டு) போடு, ட்ரஸ் காலைக் கொங்கிறீற் பீமுக்குள் போல்ட்டால் இறுக்கு. செங்கல்லில் ஆணி அடித்துவிட்டு என்னிடம் வராதே.

அக்கரைப்பற்றிலிருந்து: சேர், துருப்பிடிக்காத எஸ்எஸ் 304 க்கும் அலுமினியத்துக்கும் இதே கணக்கா?

இதே பரப்பு, அடர்த்தி மட்டும் மாறும். 304 க்கு 7930, அலுமினியத்துக்கு 2700. 0.00785 க்குப் பதில் 0.00793, 0.0027 என்று போட்டால் சரி.