ஹெபடைடிஸ் பி: எது பாசிட்டிவ் என்று எழுதுங்கள்

ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. ஆபத்தா?

எது பாசிட்டிவ்? ஹெச்பிஎஸ் ஆன்டிஜென் (வைரஸின் மேலுறைப் புரதம்) என்றால் வைரஸ் உடம்பில் இருக்கிறது. ஆன்டி-ஹெச்பிஎஸ் (அந்த உறைக்கு எதிரான ஆன்டிபாடி) என்றால் பாதுகாப்பு இருக்கிறது. ரிப்போர்ட்டில் உள்ள பெயரை முழுதாக எழுதாமல் கேட்காதீர்கள்.

மூன்று டோஸ் தடுப்பூசி போட்டுப் பத்தாண்டு ஆகிறது. ஆன்டி-ஹெச்பிஎஸ் 6தான். மறுபடி போடணுமா?

ஊசி முடிந்த ஓரிரு மாதத்தில் 10-ஐத் தாண்டியிருந்தால் பொதுவாக வேண்டாம். அளவு இறங்கினாலும் நினைவுச் செல்கள் இருக்கும். டயாலிசிஸில் இருப்பவர்கள், எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் மட்டும் மருத்துவரைக் கேளுங்கள்.

பல வருடமாக வைரஸ் போகவில்லை. எதிர்ப்புச் சக்தியை ஏற்ற என்ன டானிக் குடிக்கலாம்?

எதுவும் வேண்டாம். எத்தனை முறை சொன்னாலும் இந்தக் கேள்வி நிற்பதில்லை. பொதுவாக இந்த வைரஸ் கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்வது உங்கள் டி செல்கள்தான், அதாவது எதிர்ப்புச் சக்தியின் வெள்ளை அணுக்கள். ரத்தத்தில் எஸ்ஜிபிடி (கல்லீரல் செல் சிதைந்தால் கசியும் என்சைம்) ஏறுவது பெரும்பாலும் அந்தத் தாக்குதலின் தடம். பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றினால் தாக்குதல் பலமாக இருக்கும். நூற்றுக்கு 95 பேருக்கு ஆறு மாதத்துக்குள் ஆன்டிஜென் மறைந்துவிடும். பிறக்கும்போதே தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு நிலைத்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் ஆன்டிஜென் வெள்ளத்தில் கிடந்த டி செல்கள் சோர்ந்துபோகின்றன. முழு வைரஸைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் இந்த ஆன்டிஜெனாலான வெற்று உறைத் துகள்கள் ரத்தத்தில் மிதக்கின்றன, யோசித்துப் பாருங்கள். சோர்ந்த செல்களின் தாக்குதல் வைரஸை ஒழிக்கப் போதாது; கல்லீரலைப் புண்ணாக்கப் போதும். புண் ஆறி ஆறித் தழும்பாகி சிரோசிஸில் (கல்லீரல் சுருக்கத்தில்) முடியலாம். டானிக்கால் அந்தச் சோர்வு நீங்காது. சில மூலிகைக் கலவைகள் தாமே கல்லீரலைக் கெடுக்கும். வைரஸை அடக்கும் மாத்திரையான டெனோஃபோவிரோ என்டகாவிரோ எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் தவறாமல் சாப்பிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் வைரஸ் பெருகும், டி செல்கள் பாயும், கல்லீரல் செயலிழக்கவும் கூடும்.

எஸ்ஜிபிடி நார்மல். வைரஸ் போய்விட்டதா?

இல்லை. இப்போது தாக்குதல் பெரிதாக இல்லை என்று மட்டுமே பொருள். வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) பாருங்கள்.

எப்போதோ வந்து குணமானது. இப்போது ரிடுக்சிமாப் (பி செல்களை அழிக்கும் மருந்து) ஏற்றப்போகிறார்கள். பழைய கதையைச் சொல்லணுமா?

ஏற்றும் முன்பே கட்டாயம் சொல்லுங்கள். குணமானவர்களின் கல்லீரல் செல் உட்கருவிலும் வைரஸின் டிஎன்ஏ வளையம் தங்கியிருக்கும். எதிர்ப்பாற்றல்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. ஆன்டிபாடிக்கு ஆதாரமான பி செல்களை ரிடுக்சிமாப் அழித்ததும் வைரஸ் எழலாம். ஹெச்பிஎஸ் ஆன்டிஜென் மட்டும் பார்த்தால் தப்பிவிடும். பழைய தொற்றையும் காட்டும் ஆன்டி-ஹெச்பிசியும் பார்க்கச் சொல்லுங்கள். தடுப்புக்குத் தரும் வைரஸ் மாத்திரை சிகிச்சை முடிந்தும் ஓராண்டுக்கு மேல் தொடரும். அதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.